டாக்டர் சொன்னதும் அக்கா சொன்னதும்

மிக்ஸி ஓடும் இரைச்சலைக் கேட்டால், அதற்குள் யாரோ ஆங்கிலம் பேசிக்கொண்டிருப்பதுபோல எனக்கு இப்போதும் தோன்றும். காட்டுப்பாக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டின் சமையலறையில், காலை வேளைகளில், எஸ்தர் அக்கா தேங்காயையும் பொட்டுக்கடலையையும் ஜாரில் போட்டு, மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்து போர்ஷன்காரர்கள் காதில் விழக் கூடாது என்பதற்காகவே அந்த இரைச்சலின் மறைவில் ஆங்கில வாக்கியங்களை உரக்கச் சொல்லிப் பழகுவாள். திடீரென்று கரண்ட் போய் மிக்ஸி நின்றுவிட்டால், ‘…ரன் அவுட் ஆஃப் சால்ட்!’ என்று வாக்கியத்தின் பின்பாதி மட்டும் வீடு முழுக்கக் கேட்கும்.

“இன்னாடி ஓடிப்போச்சு?” என்று முகத்தில் சோப்பு நுரையோடு நைனா எட்டிப் பார்ப்பார்.

“உப்பு தீந்துபோச்சு நைனா.”

“அதுக்கு இன்னாத்துக்கு ஓடணும்?”

எங்கள் அப்பாவை நாங்கள் ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர். அம்மா ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போவாள். அக்கா பி.காம். முடித்துவிட்டு, எஸ்டேட்டில் புதிதாக வந்திருந்த கண்ணாடிக் கட்டிடம் ஒன்றில், வெளிநாட்டுக்காரர்களோடு போனில் பேசும் வேலைக்காகத் தயாராகிக்கொண்டிருந்தாள். அதற்காகவே பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம், வெல்டிங் பட்டறைக்கு மேல்மாடியில் நடந்த ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ வகுப்பில் சேர்ந்திருந்தாள். நான் அப்போது ஆறாம் வகுப்பு. சனிக்கிழமைகளில் துணைக்கு என்னையும் கூட்டிப் போவாள். கீழே வெல்டிங் பொறி பறக்க, மேலே முப்பது பேர் சேர்ந்தாற்போல ‘லுக் ஆஃப்டர், லுக் இன்டு, லுக் டவுன் ஆன்’ என்று கத்துவார்கள்.

அந்த வகுப்பை நடத்திய சார், இலக்கணமெல்லாம் பள்ளிக்கூடத்தோடு போகட்டும், தினப்படி வாழ்க்கையில் வெள்ளைக்காரன் பேசுவது இந்தச் சின்னச் சின்ன வினைச்சொற்களைத்தான் என்பார். ‘கிவ்’ என்றால் கொடு என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் பின்னால் ‘அப்’ வந்து ஒட்டிக்கொண்டால் அது கைவிடுவது, ‘இன்’ வந்தால் பணிந்துபோவது, ‘அவே’ வந்தால் சும்மா கொடுத்துவிடுவது என்று அவர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போக, அக்கா அதை வீட்டுக்கு வந்து நைனாவிடம் ஒப்பிப்பாள்.

“குடுன்னா குடு. மேல குடு, கீழ குடுன்னு இன்னாமா இதெல்லாம்?” என்பார் நைனா.

“நம்மகிட்ட மட்டும் இல்லியா நைனா? ‘விட்டுக் குடு’ன்னா ஒண்ணு, ‘போட்டுக் குடு’ன்னா வேற ஒண்ணு. ரெண்டுலயும் நீ எதையாவது கைல எடுத்துக் குடுக்கிறியா?”

நைனா ஷேவிங் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். பிறகு அம்மாவிடம் திரும்பி, “இது பெரிய ஆளா வரும்டி” என்றார். நைனா யாரையும் முகத்துக்கு நேராகப் பாராட்டிப் பேசி நான் கேட்டது கிடையாது. அக்காவைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்ன அந்த வார்த்தையைத்தான் அக்கா பல நாள் மனசுக்குள் வைத்திருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு மிக்ஸி இல்லாமலேயே உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். கம்பெனியிலிருந்து நேர்முகத் தேர்வுக்கும் அழைத்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நைனாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஐப்பசி மழையில் எஸ்டேட் சாலையெல்லாம் முட்டி அளவு தண்ணீர். அதில் நடந்துபோய் நடந்து வந்தவர், முதலில் இருமினார், பிறகு படுத்தார், பிறகு பேச்சுக்குப் பேச்சு மூச்சு வாங்கினார். காய்ச்சல் நுரையீரலுக்கு இறங்கிவிட்டது என்று சொல்லி நெடுஞ்சாலையில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்து, மறுநாளே மூச்சு விடும் மெஷினில் போட்டுவிட்டார்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் வாயில் குழாயோடு நைனா படுத்திருப்பது தெரியும். மார்பு ஏறி இறங்கும். ஆனால் அது அவர் விடும் மூச்சில்லை என்று எனக்குக்கூடத் தெரிந்தது.

நைனாவைப் பார்த்துவந்த பெரிய டாக்டர் தமிழில் விளக்கமாகச் சொல்பவர். அவர் வெளியூர் போயிருந்த சனிக்கிழமை பிற்பகல், வடக்கேயிருந்து புதிதாக வந்திருந்த ஒரு இளம் டாக்டர் பொறுப்பில் இருந்தார். முகத்தில் பாதி மாஸ்க், கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு. அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை வராது. நர்ஸ்களிடம் எதைக் கேட்டாலும், “டாக்டர் சொல்லுவாரு, டாக்டரைக் கேளுங்க” என்று அனுப்பிவிடுவார்கள். அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நைனாவின் பெயரைச் சொன்னதும், அம்மா அக்காவின் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

“நீ கேளுடி. உனுக்குத்தான் பேச வரும்.”

டாக்டர் வேகமாகப் பேசினார். ‘வி ஆர் டேக்கிங் ஹிம் ஆஃப் தி வென்டிலேட்டர்’ என்றார். அக்கா, ‘ஒன்ஸ் மோர், சார்’ என்றாள். அவர் அதையே மறுபடி சொல்லி, ‘ஹி வில் புல் த்ரூ’ என்று சேர்த்துக்கொண்டு, அக்காவின் தோளில் மெல்ல ஒருமுறை தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். இந்த வாக்கியங்களை நான் இவ்வளவு துல்லியமாக எழுதக் காரணம், பின்னால் அவை எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை சொல்லப்பட்டதுதான். அன்று எனக்குக் கேட்டது வெறும் சத்தம். நான் பார்த்தது அக்காவின் முகத்தை. அவள் உதடு ஒவ்வொரு வார்த்தையாக அசைந்தது.

வகுப்பில் சொல்லிக்கொடுத்த ‘பாஸ் அவே’ அவளுக்குத் தெரியும். அந்த வார்த்தை வந்துவிடக் கூடாதே என்றுதான் நடுங்கிக்கொண்டிருந்தாளாம். அது வரவில்லை. வந்த வார்த்தையைச் சார் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ‘டேக் ஆஃப்’ என்றால் எடுத்துவிடுவது. ‘புல்’ என்றால் இழுப்பது.

“இன்னா சொல்றாரு? எஸ்தரு, இன்னாடி சொன்னாரு?”

“மெஷினை எடுத்துடப் போறாங்களாம்மா.”

“எடுத்துட்டு?”

“இழுக்குதுன்றாரும்மா.”

எங்கள் பேச்சில் ஒரு நோயாளியைப் பற்றி ‘இழுத்துகினு கீது’ என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அம்மா அந்தப் பளிங்குத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் வீறிட்டபோது வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நைனாவின் அக்கா, ரூபி அத்தை, போன் போன கையோடு அரக்கோணத்திலிருந்து ரயிலேறி, மகன் விக்டரையும் இழுத்துக்கொண்டு விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்தாள். தம்பியைத் தூக்கி வளர்த்தவள். உள்ளே யாரையும் விடவில்லை; கண்ணாடிக் கதவிலும் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். “மெஷினை எடுத்தாச்சும்மா” என்று ஒரு வார்டுபாய் சொல்லிவிட்டுப் போனான், அவ்வளவுதான். ‘எடுத்தாச்சு’ என்ற சொல்லைக் கேட்டதும் அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். அந்தச் சொல்லும் எங்களிடத்தில் சாவு வீட்டுச் சொல், பிணத்தைத் தூக்கும் வேளைச் சொல். அக்கா ஒரு தூணோரமாக நின்று யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தாள். விஷயத்தைக் கொண்டுவந்தவள் அவள் என்பதாலோ என்னவோ, அவளை யாரும் அணைத்துத் தேற்றவில்லை.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் ஐயா, சபையார் சிலரோடு வந்தார். அத்தை இரவெல்லாம் யோசித்துவைத்திருப்பாள் போலிருக்கிறது. ஜெபத்துக்கு எல்லாரும் தலை குனியப் போகும்போது, “ஐயா, ஒரு நிமிஷம்” என்றாள்.

“எந்தம்பி கண்ண மூடறதுக்குள்ள அவன் பொண்ணுக்கு ஒரு வழி தெரிஞ்சிடணும். எம்புள்ளைக்கே எடுத்துக்கிறேன். நீங்க ஜெபம் பண்ணி உறுதி பண்ணிடுங்க. அவன் நிம்மதியா போவட்டும்.”

அம்மா அத்தையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். நாளைக்கு இரண்டு பெண்களோடு தனியாக நிற்கப்போகிறவளுக்கு அது எப்படிப்பட்ட வார்த்தை என்று இப்போது எனக்குப் புரிகிறது. விக்டர், சட்டை கசங்கி, செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். கூச்சமான ஆள். அத்தனை பேர் நடுவிலும் அக்கா பக்கம் ஒரு அடி வந்து, “உனக்கு இஷ்டமா?” என்று அவன் மட்டும்தான் கேட்டான். இருபது ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நைனா படுத்திருக்க, அக்கா தலையை ஆட்டினாள். அத்தை தன் தலையிலிருந்த பூவைக் கிள்ளி அவளுக்கு வைத்தாள். பாஸ்டர் ஐயா இருவர் கையையும் சேர்த்துப் பிடித்து ஜெபித்தார்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பகல் டியூட்டிக்கு வந்த ஒரு நர்ஸம்மா, திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு, எங்கள் கூட்டத்தையும் அழுகையையும் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்து சத்தம் போட்டார்.

“ஆஸ்பத்திரியில என்ன இப்படி ஒப்பாரி வச்சிட்டிருக்கீங்க? யாருக்கு என்ன ஆச்சு?”

அம்மா உள்ளே கையைக் காட்டினாள்.

“அவருக்கென்ன? நேத்தே குழாயை எடுத்தாச்சு, தானா மூச்சு விடுதாரு. காலையில தண்ணி கேட்டாரு. பொழச்சிட்டாருன்னு டாக்டர் நேத்தே உங்ககிட்டச் சொன்னாராமே?”

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். பிறகு ஒரே சமயத்தில் அழுதார்கள், சிரித்தார்கள், பாஸ்டர் ஐயா ஸ்தோத்திரம் என்று உரக்கச் சொன்னார், அம்மா என்னைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள். நானும் குதித்தேன். நைனா இருக்கிறார், அது போதும். அந்தக் கூத்தில் அக்கா எப்போது தரையில் உட்கார்ந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையில் அந்தப் பூவோடு, ‘பொழச்சிட்டாரு’ என்று மெதுவாகச் சொன்னாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

நைனா எலும்பும் தோலுமாக வீடு திரும்பினார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தார், இருமல் வந்தது, பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை முதல் தடவை வாசிக்க இருந்த ஞாயிற்றுக்கு முந்தின சாயங்காலம் அக்காவைக் கட்டில் பக்கம் கூப்பிட்டார்.

“நான் செத்துடுவன்னுதான் பேசி முடிச்சாங்க. நான்தான் சாவலியே. உனுக்கு வேணாம்னா சொல்லு, எங்கக்காகிட்ட நான் பேசிக்கிறேன்.”

அக்கா பதில் சொல்வதற்குள் அம்மா சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். அம்மா அவ்வளவு தாழ்ந்த குரலில் பேசி நான் கேட்டதில்லை.

“அந்த ஜெபத்துலதான் நீ பொழச்சே. கர்த்தர் முன்னாடி குடுத்த வார்த்தை. அத நாம திருப்பி வாங்கிக்கினா, அவரு குடுத்ததை அவரு வாங்கிக்க மாட்டாரா?”

முந்தின நாளே குழாயை எடுத்தாகிவிட்டது, ஜெபம் மறுநாள்தானே என்று நைனா கேட்கவில்லை. நான் அப்போதே மனசுக்குள் கேட்டேன். வாய்விட்டுக் கேட்கும் வயதில்லை. அக்கா நைனாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். “நான் சொன்னதாலதான நைனா எல்லாரும் வந்தாங்க” என்றாள். “இப்ப நானே வேணாம்னா, அத்தை மூஞ்சில நீ எப்படி முழிப்ப? விடு நைனா.” நைனா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் கோயிலில் பாஸ்டர் ஐயா ஓலையை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். எல்லா ஓலைக்கும் அப்படித்தான் நிறுத்துவார். மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது. எங்கள் பெஞ்சில் யாராவது எழுந்திருப்பார்கள் என்று நான் ஒவ்வொருவராகப் பார்த்தேன். அக்கா பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டின் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை அவள் வகுப்புக்குப் போனாள். நானும் கூடப் போனேன். எல்லாரும் வருவதற்கு முன்பே சாரிடம் போய், ‘புல் த்ரூ’ என்றால் என்ன சார் என்று கேட்டாள். எதற்குக் கேட்கிறாய் என்றார், சொன்னாள். சார் கெட்டவரில்லை. தலையில் கைவைத்துக்கொண்டு, “அடடா, பிழைச்சு வந்துடுவாருன்னு அர்த்தம்மா” என்று வருத்தப்பட்டார். ஆனால் வகுப்பு ஆரம்பித்ததும் அதையே பலகையில் எழுதி, அர்த்தம் தெரியாமல் வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமாக, பெயர் சொல்லாமல், கதையாகச் சொன்னார். நன்றாகக் கதை சொல்வார். வகுப்பே உருண்டு உருண்டு சிரித்தது. யார் என்று தெரியாமல்தான் சிரித்தார்கள். அக்காவும் அவர்களோடு சிரித்தாள். வழக்கமாகப் படியில் இறங்கும்போதே அன்றைய வாக்கியங்களை எனக்குச் சொல்லிக்காட்டுபவள், அன்று பஸ் வரும்வரை ஒன்றும் பேசவில்லை.

பிறகு அவள் அந்தப் படி ஏறவில்லை. நேர்முகத் தேர்வு நாளன்று புடவை ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கப் போயிருந்தாள். கல்யாணம் ஆனாலும் வேலைக்குப் போகலாமே என்று விக்டர் மாமாவே சொல்லிப் பார்த்தார். “வேணாம். இங்கிலீஷ்ல ஒருத்தர் பேசினாலே எனக்கு அந்த டாக்டர் குரல்தான் கேக்குது” என்றாள். இந்த இடத்தில்தான் எனக்கு அவள்மீது ஆற்றாமையாக இருக்கும். கல்யாணத்தைப் பற்றிக்கூட இல்லை. விக்டர் மாமா தங்கமான மனிதர், இன்றுவரை அவளிடம் குரலை உயர்த்தியதில்லை. அதனாலேயே இதில் யாரையும் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. தனக்குத் தெரியாத ஒரே ஒரு வார்த்தைக்காக, தெரிந்த அத்தனை வார்த்தைகளையும் அவள் ஏன் விட்டாள் என்பதுதான் என் கேள்வி.

வீட்டில் அது வேடிக்கைக் கதையாகிவிட்டது. எந்தக் கல்யாணம், எந்தப் பிறந்தநாள் என்றாலும் சாப்பாடு முடிந்ததும் யாராவது அதைத் தொடங்குவார்கள். “எங்க மாமாவ இங்கிலீஷ்லயே சாவடிச்சிட்டு என்னைக் கட்டிக்கினா” என்று விக்டர் மாமா முடிப்பார். அக்கா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். நைனா மட்டும் கை கழுவும் சாக்கில் எழுந்து போய்விடுவார். அப்படி எழுந்து போவதை நான் ஒருத்திதான் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் கண்ணும் அவர் பின்னால் போவதை ஒருநாள் கவனித்தேன்.

நைனா அதற்குப் பிறகு வெகு காலம் இருந்தார். போன வருடம்தான், வயதாகி, தூக்கத்தில் போனார். முதலாண்டு நினைவு ஜெபத்துக்கு இப்போது எல்லாரும் அக்கா வீட்டில் கூடியிருந்தோம். காட்டுப்பாக்கத்தில் எங்கள் பழைய வீடு இடிபட்டு அடுக்கு மாடி வந்துவிட்டது. மெயின் ரோட்டில் மெட்ரோ தூண்கள் வரிசையாக நிற்கின்றன. பூந்தமல்லியில் அந்த மேல்மாடி இருந்த இடம் எது என்றே எனக்குப் பிடிபடவில்லை. ரூபி அத்தையும் போய்விட்டாள். அம்மாவுக்கு நினைவு தப்பித் தப்பி வருகிறது.

சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவள், கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, ஆவடியில் கல்லூரி படிக்கும் தன் மகளிடம் நீட்டினாள். “இன்னான்னு கேளு.” அவள் இரண்டு நிமிடம் சரளமாக ஆங்கிலத்தில் பேசி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“அம்மாவுக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது சித்தி.”

இப்போது யாராவது அந்தக் கதையைத் தொடங்குவார்கள் என்று காத்திருந்தேன். விக்டர் மாமா நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார். அம்மா நைனாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நைனா போனதிலிருந்து அதை யாரும் சொல்வதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் நிஜமாகவே இறந்த பிறகு அது வேடிக்கையாக இல்லை போலும். எவ்வளவு வெறுத்தேன் அந்தச் சிரிப்பை. ஆனால் எஸ்தர் என்ற ஒருத்திக்கு ஒருகாலத்தில் ஆங்கிலம் தெரியும், ஒரு வீடே அவள் வாயைப் பார்த்து நின்றது என்பதற்கு எங்களிடம் மிஞ்சியிருந்தது அந்தக் கதை ஒன்றுதான். அதுவும் போய்விட்டது.

பஸ் நிறுத்தம்வரை என்னோடு நடந்து வந்தவளிடம் கேட்டேவிட்டேன்.

“பொண்ணு அப்படிச் சொல்றா, நீ ஏன்க்கா சும்மா இருந்தே?”

தூண்களுக்கு நடுவே தூரத்தில் பஸ் வருகிறதா என்று அக்கா எட்டிப் பார்த்தாள்.

“இன்னான்னு சொல்லச் சொல்றே?” என்றாள். “தெரியும்னா, தெரியாதுன்னா?”